ஈஸ்னோபீலியா (ரத்தத்தில் ஈஸ்னோபில்ங்கிற வெள்ளையணு கூடிப்போறது): இன்னும் உறுத்துகிற கேஸ் இருந்தால் எழுதுங்க

லீஷ்மன்_நீலம்:
வெள்ளையணு மொத்தம் 18,000. ஈஸ்னோபில் 42%. பெருக்கி 100ஆல் வகுத்தால் 7,560. ரிப்போர்ட்டில் சதவீதம் மட்டும்தான் போயிருக்கு, எண்ணிக்கை இல்லை. நடுராத்திரி இருமல், இளைப்பு, எக்ஸ்ரேயில் ரெண்டு பக்கமும் பொடிப்பொடியாப் புள்ளி. மிலியரி டிபி (பொடிப்பொடியாப் பரவுற காசநோய்)ன்னு முடிவு கட்டி மாத்திரை ஆரம்பிச்சாச்சு. பழைய ஸ்லைடை எண்ணெய் லென்ஸில் வச்சா, எங்க நகர்த்தினாலும் ரெண்டு மடல் நியூக்ளியஸ், சுத்தி ஆரஞ்சு மணிகள், எல்லாம் ஈஸ்னோபில். 3,000க்கு மேல போனாலே ட்ராபிகல் ஈஸ்னோபீலியா (யானைக்கால் புழுவால் வர்ற நுரையீரல் நோய்) ஞாபகம் வரணும்.

ராத்திரி_ஸ்மியர்:
ராத்திரி ரத்தத்தில் மைக்ரோஃபைலேரியா (யானைக்கால் புழுவோட குஞ்சு) பார்த்தாங்களா?

லீஷ்மன்_நீலம்:
பார்த்தாங்க, இல்லை. இந்த நோயில் ரத்தத்தில் கிடைக்காது. நுரையீரலிலேயே சிக்கி அழியுது. அதுங்களைக் கொல்ல வர்ற ஈஸ்னோபில் கொட்டுற புரதம்தான் நுரையீரலையும் அரிக்குது. "ஸ்மியர் நெகட்டிவ், யானைக்கால் புழு இல்லை"ன்னு எழுதினதுதான் கேஸைக் கெடுத்தது.

நெஞ்சு_வார்டு:
அதைவிட மோசம்: இளைப்புக்கு முதலில் ஹைட்ரோகார்டிசோன்ங்கிற ஸ்டீராய்டு ஊசி, மறுநாள் காலையில் ரத்தம். ஈஸ்னோபில் 1%. ஸ்டீராய்டு சில மணி நேரத்திலேயே அதை ரத்தத்திலிருந்து துரத்திடும். ஊசிக்கு முன்னாடி ரத்தம் எடுக்கணும், அவ்வளவுதான்.

டிஇசி_21:
3,000ஐ மட்டும் பிடிச்சுக்கிட்டு நிற்காதீங்க. ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழு, மருந்து அலர்ஜி எல்லாமே எண்ணிக்கையை ஏத்தும். ஐஜிஈ (அலர்ஜியிலும் புழுவிலும் ஏறுற ஆன்டிபாடி) 1,000 யூனிட் தாண்டியிருக்கா, ஃபைலேரியா ஆன்டிபாடி இருக்கா, பாருங்க. ஸ்ட்ராங்கிலாய்டஸ் இருக்கிற உடம்பில் ஸ்டீராய்டு போனா புழு உடம்பெல்லாம் பரவி ஆளையே கொல்லும்.

யாரும் கேட்கலை, இருந்தாலும் டோஸ்: டிஇசி (யானைக்கால் புழுவுக்கான மருந்து) கிலோவுக்கு 6 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 360. காலை, மதியம், ராத்திரின்னு பிரிச்சு, சாப்பாட்டுக்கு அப்புறம், 21 நாள். கர்ப்பிணிக்குக் கூடாது. ஒரு வாரத்தில் இருமல் அடங்கினதும் மிச்சத்தை அலமாரியில் வச்சிடுறாங்க. முழுசாச் சாப்பிட்டவங்களுக்கே சிலருக்குத் திரும்பி வருது. வருஷக்கணக்கா விட்டா நுரையீரல் நாராயிடும், அப்புறம் டிஇசிக்கும் மசியாது.

டிபியோட குழப்பிக்கிறது புதுசும் இல்லை. ஆந்திராவில் மதனப்பள்ளி சானடோரியத்தில் (டிபி ஆஸ்பத்திரி) 1940லேயே "போலி டிபி"ன்னு எழுதி வச்சிட்டாங்க.

லீஷ்மன்_நீலம்:
அந்தக் கேஸில் டிபி மாத்திரையை நிறுத்தியாச்சு. டிஇசி ஆரம்பிச்சு 21ஆம் நாள் எண்ணிக்கை 900. இந்தத் தடவை எண்ணிக்கையாவே எழுதிப் போச்சு.