அவுட்போர்டு எஞ்சின் சூடேறி வேகம் குறைகிறது: உதவி தேவை

வணக்கம். பழவேற்காட்டில் எங்கள் ஃபைபர் படகில் பொருத்தியுள்ள 40 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் (2016ஆம் ஆண்டுத் தயாரிப்பு), பொங்கலுக்குப் பிறகு, முழு வேகத்தில் முகத்துவாரத்தைத் தாண்டியதும் சூட்டு எச்சரிக்கை ஒலியை எழுப்பி, தானாகவே நிமிடத்திற்கு ஏறத்தாழ 2000 சுற்றுக்கு இறங்கிவிடுகிறது. வேகத்தைக் குறைத்தால் சிறிது நேரத்தில் ஒலி நின்றுவிடும். மெதுவாக ஓட்டும்வரை எந்தத் தொல்லையும் இல்லை. எண்ணெய் அளவு சரியாக இருக்கிறது, எண்ணெய் விளக்கும் எரிவதில்லை.

குளிரூட்டும் நீர் பம்பின் இம்பெல்லரையும் (நீரைத் தள்ளும் சுழல் விசிறி) தெர்மோஸ்டாட்டையும் (சூடேறினால் நீர்வழியைத் திறக்கும் வால்வு) புதிதாக மாற்றினோம். பழைய தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் இட்டுப் பார்த்தபோது அதுவும் ஒழுங்காகவே திறந்தது. நீர் உறிஞ்சும் சல்லடையில் சிக்கியிருந்த நைலான் வலை நூலை அகற்றி, அழுத்த வால்வையும் கழற்றிச் சுத்தம் செய்து, நன்னீரால் பலமுறை அலசியாயிற்று. சோதனை நீர் (பம்பு வேலை செய்வதைக் காட்ட எஞ்சினிலிருந்து வெளியே பீய்ச்சும் நீர்) பலமாக வருவதால் குளிரூட்டலில் குறையில்லை என்று கரையில் பலரும் சொல்கிறார்கள். அந்த நீர் வந்தாலே எல்லாத் தடங்களிலும் நீர் ஓடுகிறது என்று பொருளாகாது என்பது என் கருத்து. ஒலி எழும் வேளையில் அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்தபோது, மேல் சிலிண்டரின் தலைப்பகுதி 90 டிகிரி செல்சியஸைக் கடந்திருக்க, கீழ்ச் சிலிண்டர் 65ஐ ஒட்டியே நின்றது. முகத்துவார மணலும் உப்பும் உள்ளே படிந்திருக்கலாம் எனச் சந்தேகிக்கிறேன்.

இந்த வெப்ப வேறுபாட்டை வைத்து, மேல் சிலிண்டரின் நீர்த்தடம் அடைபட்டுள்ளது என முடிவுசெய்து சிலிண்டர் ஹெட்டைத் திறக்கலாமா, அல்லது அதற்கு முன் செய்ய வேண்டிய வேறு சோதனை ஏதும் உண்டா?