வயதுக்கு வந்த பிறகு பந்து, கிராப், சட்டை: எதை விட்டுக்கொடுப்பது?

மஞ்சக்குப்பம்_அம்மா:
மகளுக்கு 12 வயது. சட்டை, பேன்ட்தான் போடுவாள், முடி கிராப். சாயங்காலம் அண்ணா விளையாட்டரங்கத்தில் கால்பந்தாட்டம். போன மாதம் வயதுக்கு வந்தாள். மாமியார் பந்தை நிறுத்தச் சொல்கிறார், முடி வளர்க்கணுமாம், வைகாசியில் மண்டபம் பிடித்து மஞ்சள் நீராட்டு வைக்கணுமாம். "ஆம்பிளத்தனம்" போக டாக்டரிடம் காட்டு என்கிறார் நாத்தனார். மகள் அழுதுகொண்டே இருக்கிறாள். எதில் உறுதியாக நிற்பது?

தேவனாம்பட்டினம்_கோச்:
பந்தை நிறுத்தாதீங்கம்மா. இந்த வயசுல பெண் பிள்ளைங்க ஆட்டத்தை விடறதுக்குப் பெரும்பாலும் காரணம் உடை, நாப்கின், கழிப்பறை, இருட்டுல வீடு திரும்பறது. இந்த நாலையும் சரி பண்ணுங்க. ஸ்போர்ட்ஸ் பிரா ரெண்டு வாங்குங்க. கடையிலேயே குதிச்சுப் பார்க்கணும், தோள்பட்டை அழுத்தினா அளவு தப்பு. கருப்பு ஷார்ட்ஸுக்குள்ள டைட்ஸ் போட்டா கறை பயம் போயிடும். நாப்கினை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை மாத்தணும், பையில எப்பவும் ஒண்ணு உபரி இருக்கட்டும்.

முழங்கால்தான் முக்கியம். பெண்களுக்கு முட்டி உள்பக்கம் மடங்கி தசைநார் அறுவது பையன்களைவிட அதிகம். அதனால குதிச்சு இறங்கும்போது முட்டி பாதத்துக்கு நேரா இருக்குதான்னு பாருங்க. 14 வயசுக்குக் கீழ 'ஃபிஃபா 11+ கிட்ஸ்' வார்ம்-அப் போதும்: ஏழு பயிற்சி, 15–20 நிமிஷம். கட்டாந்தரையில அடியில நீளக் குமிழ் (ஸ்டட்) வெச்ச ஷூ வேண்டாம், பாதம் சிக்கிக் கணுக்கால் திரும்பிடும். குட்டை ரப்பர் ஸ்டட் வாங்குங்க.

சீக்கிரம் மூச்சு வாங்கினா ஹீமோகுளோபின் பாருங்க. பள்ளியில தர்ற வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோட சாப்பிட்டா உடம்புல சரியா சேராது.

மாமியார்கிட்ட ஒண்ணு சொல்லுங்க: கடலூர் பொண்ணு இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கே ஆடினாங்க, போலீஸ்ல எஸ்.ஐ.

கோரிமேடு_75:
டாக்டர் விஷயம் மட்டும். சட்டை பிடிப்பதும் கிராப் பிடிப்பதும் நோயல்ல. வளர்ந்தபின் அவள் யாராக இருப்பாள் என்று அதிலிருந்து இப்போதே முடிவுகட்டவும் முடியாது, கேட்டு நச்சரிக்கவும் வேண்டாம். யாராவது "மாத்திக் காட்டறேன்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஒருவரின் பாலின அடையாளத்தை மாற்றும் 'சிகிச்சை'க்கு எதிராக 2021-இல் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவு போட்டிருக்கிறது. தூக்கம், சாப்பாடு குறைந்தாலோ, பள்ளிக்கே போக மறுத்தாலோ அப்போது ஜிப்மர் மனநலப் பிரிவில் காட்டலாம். அதுவும் அழுகைக்காக, சட்டைக்காக அல்ல.

பாதிரிப்புலியூர்_ரமா:
அக்கா, விழாவுக்கு மாமியார் அடம் பிடிப்பதன் அடியில் பெரும்பாலும் மொய் நோட்டு இருக்கும். வருஷக்கணக்கில் எழுதிய மொய் திரும்பி வரணும் இல்லையா, அந்தக் கணக்கும் நியாயம்தான். நோட்டை எடுத்து யார் யார் திருப்ப வேண்டும் என்று அவரோடு உட்கார்ந்து பட்டியல் போடுங்கள். காதுகுத்தோ புதுமனை புகுவிழாவோ அடுத்து வருகிற எந்த விசேஷத்திலும் அதை வாங்கலாம்.

பேச்சை முதலில் தாய்மாமனிடம் எடுங்கள். சீர் செய்கிறவர் அவர், "வீட்டோட தண்ணி ஊத்தினா போதும்" என்று அவர் சொன்னால் எடுபடும். மகள் சம்மதித்தால் மட்டும் அந்தத் தண்ணி ஊற்றலும். உடை அவள் இஷ்டம். படம் போட்ட பிளெக்ஸ் பேனர் கூடவே கூடாது. தெருவே பார்க்கும், வகுப்புப் பையன்களும் பார்ப்பார்கள், பிறகு பள்ளிக்குப் போகவே கூசும்.

முடியில் ஒரு தகராறு வரலாம். கிராப்பில் பின்ன ஒன்றுமில்லை. தோள் தொடும் பாதி வளர்ச்சியில்தான் பள்ளியில் ரெட்டைச் சடை கேட்பார்கள். வெட்டுவதாக இருந்தால் காதளவுக்கு வெட்டிவிட்டு, பயிற்சிக்காக என்று தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.