ஸ்வீனி டாட் பார்க்கப் போகிறோம், எங்கே உட்காரலாம்?

வணக்கம். அடுத்த வாரம் அக்காவும் நானும் 'ஸ்வீனி டாட்' இசை நாடகத்துக்குப் போகிறோம். மிகச் சின்ன அரங்கு. தனியாக மேடை கிடையாது. நடிகர்கள் நம் முழங்காலை உரசிக்கொண்டுதான் நடப்பார்களாம்.

1979இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்கில் அரங்கேறியது, ஸ்டீபன் சோண்ட்ஹைம் இசை. பழிவாங்க லண்டனுக்குத் திரும்பும் ஒரு நாவிதரின் கதை. பாட்டெல்லாம் கேட்டிருக்கிறேன். சவரக் கத்தியைக் கையில் ஏந்தி, நெடுநாள் கழித்துப் பார்த்த தோழனிடம் பேசுவதுபோல் உருகிப் பாடுவார். மெட்டு அவ்வளவு இனிமை, அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. அப்புறம் அந்த ஆலைச் சங்கு! ஹெட்போனில் கேட்டதற்கே தூக்கிவாரிப் போட்டது.

எனக்குப் பிரச்சினை இல்லை. அக்காவுக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலைசுற்றும். டிக்கெட் எடுத்ததே அவள்தான், பாட்டு நன்றாக இருக்கும் என்று யாரோ சொன்னார்களாம்!

இப்படிச் சின்ன அரங்கில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: ஓர இருக்கை கேட்டு வாங்கலாமா? நடுவில் எழுந்தால் நடிகர்களைக் கடந்துதான் வெளியே போக வேண்டுமா? போலி ரத்தம், திடீர் சத்தம் பற்றி முன்கூட்டியே அரங்கத்தாரிடம் கேட்டால் சொல்வார்களா? (முன்பு ஒரு நாடகத்தில் நடிகர் என் கண்ணைப் பார்த்து ஏதோ கேட்க, "தெரியாதுங்க" என்று பதில் சொல்லி மானம் போனது. அதனால் முதல் வரிசை வேண்டவே வேண்டாம்.)

முக்கியமாக, கதையை அக்காவிடம் இப்போதே சொல்லிவிடவா?