புதுப்பிப்பு: பிரேக் கல்லா இறுகின மெர்சிடிஸ்

பினாங்கு பாலிக் பூலாவ் மலை இறக்கத்துல என் 1980 மெர்சிடிஸ் 200 பிரேக் பெடல் கல்லாட்டம் இறுகிடுச்சுன்னு போன மாசம் கேட்டிருந்தேனே. பிரேக் பூஸ்டருக்கு (நாம மிதிக்கிற பலத்தைக் கூட்டித் தர்ற பாகம்) எஞ்சின்லேர்ந்து போற வேக்குவம் குழாயைப் பார்க்கச் சொன்னீங்க. அது நல்லாத்தான் இருந்துச்சு. அடுத்து பூஸ்டரைச் சோதிச்சேன்: எஞ்சினை அணைச்சு நாலு மிதி மிதிச்சு, காலை எடுக்காம ஸ்டார்ட் பண்ணா பெடல் கொஞ்சம் இறங்கணும். அசையவே இல்ல.

பட்டர்வொர்த் போர்மேன் (மெக்கானிக்) அண்ணன், பெடலை மிதிச்சா பிரேக் எண்ணெயைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினார். பின்பக்க சீல் கசிஞ்சு பிரேக் எண்ணெய் பூஸ்டருக்குள்ளேயே இறங்கியிருக்கு. விரலை விட்டுப் பார்த்தேன், பிசுபிசுன்னு. பூஸ்டருக்குள்ள இருக்கிற டயாஃப்ரம்ங்கிற ரப்பர் சவ்வு ஊறிக் கிழிஞ்சிருந்துச்சு. தரையில ஒரு சொட்டுகூட விழாததால கசிவுன்னே தோணாம, எண்ணெய் குறையக் குறைய ஊத்திக்கிட்டே இருந்திருக்கேன். மடத்தனம்!

மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் ரெண்டையும் சேர்த்தே மாத்தியாச்சு. கழிச்ச வண்டியிலேர்ந்து பூஸ்டர் எடுக்கச் சொன்ன தம்பிக்கு: 40 வருஷ ரப்பரை நம்ப எனக்குத் தைரியம் இல்லப்பா. நேத்து அதே இறக்கம், கால் வலிக்கல.