அப்பாவின் நடையும் சித்தியின் நிற்பும்

குழு: மதுரை வீட்டார்

[காலை 7:10] ராமநாதன்: தெப்பக்குளத்தை மூன்று சுற்று சுற்றிவிட்டு இப்போதுதான் வீடு திரும்பினேன். செல்வி, சர்க்கரை கூடியிருப்பதாக டாக்டர் சொன்ன பிறகும் நீ நடக்கப் போவதில்லை என்று உன் அக்கா வருத்தப்படுகிறாள். நாளையிலிருந்து எங்களுடன் வா.

[7:24] செல்வி: அத்தான், நேற்றுக் காலை ஒன்பதரைக்குக் கடைக்குள் போனவள் இரவு ஒன்பதுக்குத்தான் வெளியே வந்தேன். ஒரு பட்டுப்புடவை எடுக்க வருபவர்களுக்கு நாற்பது புடவைகளை விரித்துக் காட்டி, அவர்கள் போன பிறகு நாற்பதையும் மடித்து அடுக்க வேண்டும். லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் என்பதால் எங்களுக்கு மூன்று மாடிக்கும் படிதான்.

[7:31] ராமநாதன்: அப்படியானால் அதுவே நல்ல உடற்பயிற்சிதானே அம்மா?

[7:52] கவிதா: அப்பா, லண்டன் மாடிப் பேருந்துகளில் உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, நாள் முழுதும் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு என்று பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மாரிஸ் 1953இல் எழுதினார். ஆனால் எல்லா உழைப்பும் அப்படி அமைவதில்லை. நீங்கள் நாற்பது நிமிடம் வேகமாக நடந்து, வியர்த்து, வீட்டுக்கு வந்து ஓய்வெடுக்கிறீர்கள்; சித்தியோ பதினோரு மணி நேரம் கால் மாற்றி நிற்கிறார், அதில் இதயத்துக்குப் பலம் சேர்க்கும் வேகமும் இல்லை, களைப்புத் தீர இடைவெளியும் இல்லை. டென்மார்க்கில் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மேன் போன்ற ஆய்வாளர்கள் இந்த வேறுபாட்டைத்தான் ஆராய்ந்து வருகிறார்கள். எப்போது நிறுத்துவது என்பதை நீங்களே முடிவு செய்கிறீர்கள். சித்திக்கு அதை முடிவு செய்பவர் மேற்பார்வையாளர்.

[8:03] செல்வி: உண்மைதான் கண்ணு. ஆளே வராத மத்தியானத்திலும் சுவரில் சாயக் கூடாது. கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகப் புடைத்துக்கொண்டிருக்கிறது. தலையணை மேல் காலைத் தூக்கி வைத்தால்தான் இரவில் தூக்கம் வருகிறது.

[8:06] கவிதா: சித்தி, கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் தமிழக அரசு 2021இல் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு இடையே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது பயன்படுத்திக்கொள்ள, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை தரவேண்டும் என்கிறது அது.

[8:15] செல்வி: எங்கள் மாடியில் இரண்டு ஸ்டூல் போட்டார்கள், பதினான்கு பேர் இருக்கிறோம். இப்போது அவற்றின் மேல் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். எடுக்கச் சொல்லிக் கேட்டு, அதற்காக என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டால் தம்பியின் கல்லூரிக் கட்டணத்தை எப்படிக் கட்டுவேன்?

[8:21] ராமநாதன்: யோசிக்காமல் சொல்லிவிட்டேன் செல்வி, மனதில் வைத்துக்கொள்ளாதே. உனக்கு வார விடுமுறை எந்த நாள்? அன்று நானும் டாக்டரிடம் வருகிறேன். நீ என்ன வேலை செய்கிறாய் என்பதை முதலில் அவரிடம் சொல்வோம்.

[8:24] செல்வி: செவ்வாய்க்கிழமை, அத்தான். மாலை ஐந்து மணிக்கு மேல் போகலாம். பகலில் கொஞ்சம் படுத்துக்கொள்கிறேன்.