அப்பாவுடன் பார்க்க, சிரிக்க வைக்கும் குற்றக் கதைகள் தேவை

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் ஓய்வெடுக்கும் என் அப்பாவுடன் இரவு உணவுக்குப் பின் அமர்ந்து பார்ப்பதற்கு, துப்பறியும் சுவாரசியமும் நகைச்சுவையும் கலந்த படங்களையும் தொடர்களையும் பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். திரையில் ரத்தம் தெறித்தால், காலில் வைத்திருக்கும் ஐஸ் பையை எடுத்து முகத்தை மறைத்துக்கொள்கிறார். திருடனும் போலீசும் இல்லாத கதை என்றாலோ பத்தாவது நிமிடத்தில் குறட்டை கேட்கிறது.

2013-இல் வந்த ‘சூது கவ்வும்’ படத்தை இருவரும் மிகவும் ரசித்தோம். ஆள் கடத்தலுக்கென்று விதிமுறைகள் வகுத்துக்கொண்டு, பிறர் கண்ணுக்குத் தெரியாத காதலியுடன் பேசியபடியே தொழில் செய்யும் விஜய் சேதுபதியைப் பார்த்து அப்பா சிரித்த சிரிப்பில், அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்துவிட்டார். 2018-இல் வந்த ‘கோலமாவு கோகிலா’வும் பிடித்தது. ஆயினும் தாயின் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மகள் போதைப்பொருள் கடத்தும் கதை என்பதால், இப்போதைய மனநிலையில் அவருக்குச் சற்றுக் கனமாக இருந்தது.

பழைய அமெரிக்கத் தொடரான ‘கொலம்போ’வில், கொலையாளி யார் என்பதைத் தொடக்கத்திலேயே காட்டிவிட்டு, கசங்கிய மழைக்கோட்டு அணிந்த அதிகாரி அவரை எப்படி மடக்குகிறார் என்பதையே கதையாக்கும் முறை எனக்குப் பிடிக்கும், அத்தகைய அமைப்பில் தமிழிலோ மலையாளத்திலோ ஏதேனும் உண்டா என அறிய விரும்புகிறேன். பிறமொழிப் படைப்பாயின் தமிழ் டப்பிங் இருப்பது அவசியம், ஏனெனில் கீழே ஓடும் ஆங்கில வரிகளின் வேகத்துக்கு அவரால் படிக்க இயலவில்லை. பரிந்துரைப்பவர்கள் முடிவை மட்டும் சொல்லிவிட வேண்டாம்.