புதுப்பிப்பு: ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்கு எஸ்டஸ் பார்க்கா, கிராண்ட் லேக்கா?

அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள இந்தப் பூங்காவுக்குப் போக, அதன் கிழக்கே எஸ்டஸ் பார்க், மேற்கே கிராண்ட் லேக் என்ற இரண்டு ஊர்களில் எதில் தங்கலாம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். ஜூலையில் போய்வந்தோம், பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"நாலு இரவையும் பிரித்துத் தங்குங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. எஸ்டஸ் பார்க்கில் மூன்று இரவு. பூங்காவுக்குள் இருக்கும் பேர் லேக் (Bear Lake) என்ற ஏரி அங்கிருந்து பக்கம் என்பதால் விடியும் முன்பே நடைபாதையில் இருந்தோம். பிறகு பூங்காவின் குறுக்கே மலைமேல் போகும் டிரெயில் ரிட்ஜ் சாலை வழியாகக் கிராண்ட் லேக். அங்கே கூட்டம் குறைவு. மறுநாள் காலை கவுனீச்சி பள்ளத்தாக்கில் குட்டியோடு ஒரு மூஸ் மான்! அதற்காகவே அந்த ஓர் இரவு தகும்.

எதிர்பாராதது உயரம்தான். சாலையின் உச்சி 3,713 மீட்டர். அம்மாவுக்குத் தலைவலி வந்து, கீழே இறங்கியபின்தான் விட்டது. வந்த அன்றே மேலே ஏறாதீர்கள்.

அந்தச் சாலை வழக்கமாக அக்டோபர் நடுவிலிருந்து மே கடைசிவரை பனியால் மூடியிருக்கும். அப்போது போகிறவர்கள் எஸ்டஸ் பார்க்கிலேயே தங்கிவிடுங்கள்.